கண்ணாடிக் குளமும் குள்ளத் தவளையும்

பெருவிரல் நுனியில் இருத்தி வைக்கக்கூடிய தவளை ஒன்று ஆபிரிக்காவில் உண்டு. முழு வளர்ச்சி பெற்ற பின்னும் அதன் உடல் மூன்றரைச் சென்ரிமீற்றரை அதிகம் தாண்டுவதில்லை. மண்ணிறமோ சாம்பல் கலந்த பச்சையோ கொண்ட தோலிற் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். நாக்கு இல்லை, பல்லும் இல்லை. நான்கு கால்களிலும் விரல்களுக்கிடையே சவ்வு படர்ந்திருப்பதனால், 1896ஆம் ஆண்டில் இலண்டன் அருங்காட்சியகத்து அறிஞரான பூலஞ்சர் இதன் சாதிக்கு 'ஹைமனோகைரஸ்' என்று பெயரிட்டார். சவ்வுக்கை என்பது அதன் பொருள். நைஜீரியா, கமரூன் தொடங்கிக் கொங்கோ வடிநிலம் வரையுள்ள காடுகளில், நிழல் விழுந்த மந்தமான நீர்நிலைகளே இதன் பிறந்தகம். வாழ்நாள் முழுவதையும் இது நீரிலேயே கழிக்கிறது. ஆயினும் மூச்சு வாங்குவதற்கு நீரின் மேற்பரப்புக்கு வந்தே ஆகவேண்டும். மீனைப் போல நீரில் வாழ்ந்து, நம்மைப் போலக் காற்றை உண்ணும் பிராணி இது.

இச்சிறு தவளை உலகின் பல நாடுகளில் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்கப்படுகிறது. விற்போர் சொல்லும் வாசகம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "இதற்குப் பராமரிப்பு அதிகம் வேண்டியதில்லை, தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்." இந்த வாசகம் வியாபாரி ஒருவரின் மூளையில் நேற்று உதித்ததன்று. அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அறிஞர் சிலரின் நேர்மையான ஆராய்ச்சியிலே தொடங்கி, பாதி உண்மையாகப் பரவி, ஈற்றில் எத்தனையோ உயிர்களுக்கு இறுதியாய் முடிந்த கருத்து அது. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன், நேயர்களே.

கடல்வாழ் உயிரைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டு ஆராய்ந்தவர்களுள் முதலிடம் ஒரு பெண்மணிக்கு உரியது. பிரான்சிலே பிறந்து சிசிலித் தீவின் மெசீனா நகரில் வாழ்ந்த ஜான் வில்பிறே பவர் அம்மையார், 1832ஆம் ஆண்டளவில் ஆர்கொனோற் எனப்படும் ஓடுடைய கணவாயைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்தார். அப்பிராணி தன் ஓட்டை வேறோர் உயிரிடமிருந்து திருடுகிறதா, தானே ஆக்குகிறதா என்பது அக்கால அறிஞரிடையே பெரும் வழக்கு. தானே ஆக்குகிறது என்பதை அம்மையார் கண்ணாற் கண்டு நிறுவினார்.

மறுபுறம், இலண்டன் மாநகரின் புகை மண்டிய கிழக்குப் பகுதியிலே நதானியேல் வார்ட் என்ற வைத்தியர் இருந்தார். 1829இல் அந்துப் பூச்சியொன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் வைத்துப் போத்தலில் அடைத்தார். பூச்சியைக் காட்டிலும் அவர் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. வெளியே புகையினால் வாடி மடிந்த பன்னச்செடி, மூடிய போத்தலுக்குள்ளே தண்ணீர் வார்ப்பாரின்றித் தளிர்த்தது. மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. இதிலிருந்து பிறந்ததே 'வார்டியன் பெட்டி'. நம் நாட்டின் வரலாற்றையே மாற்றிய பெட்டி இது. 1876ஆம் ஆண்டில், பிறேசில் விதைகளிலிருந்து கியூ பூங்காவில் முளைத்த ஆயிரத்துத் தொளாயிரத்துக்கு மேற்பட்ட இறப்பர்க் கன்றுகள், இத்தகைய பெட்டிகள் முப்பத்தெட்டிலே கப்பலேறி இலங்கைக்கு வந்தன. ஹெனரத்கொடைத் தோட்டத்தின் பழைய இறப்பர் மரங்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் வழியாக வந்தவையே.

மூடிய கண்ணாடிக்குள் தாவரம் தானாகவே வாழுமாயின், மூடிய நீருக்குள் பிராணியும் வாழாதா? இக்கேள்விக்கு விடை தேடியவர் றொபேட் வாரிங்டன். இலண்டனில் மருந்தாளர் சங்கத்து மண்டபத்திலே பணியாற்றிய இரசாயன அறிஞர் அவர். 1849இல், பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்ற நீர்ப்பூண்டையும் இட்டார். மீன் வெளியிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்கும். பூண்டு வெளியிடும் ஒட்சிசனை மீன் ஏற்கும். இருவரும் ஒருவரையொருவர் தாங்குவர் என்பது அவர் கணிப்பு. ஆனால் பூண்டின் முதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கிற்று. அப்போது வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றை அதனுள் இட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. 1850இல் இதனை இரசாயனச் சங்கத்தின் முன் கட்டுரையாக வாசித்தார். 'சமநிலைத் தொட்டி' என்ற கருத்து பெயர் பெற்றது இவ்வாறே.

வாரிங்டனின் கட்டுரையிலே பிழை கண்டு குறை சொல்வது எளிது. அவரோ தம் கண்முன் நடந்ததை நடந்தபடியே எழுதினார். பன்னிரண்டு கலன் நீர். அதிலே இரண்டே இரண்டு மீன்கள். இந்த விகிதத்தைப் பின்வந்தோர் மறந்தார்கள். 'தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும்' என்ற சொற்றொடரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இதே காலத்தில் அன்னா தைன் என்ற சீமாட்டி, 1846இல் டோர்க்கீக் கடற்கரையிலிருந்து பவளப் பூச்சிகளை இலண்டனுக்குக் கொண்டுவந்து உயிருடன் பேணினார். அதற்காக அவருடைய பணிப்பெண் திறந்த சாளரத்தின் முன் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றவேண்டியிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்றூட்டும் முதற்பொறி ஒரு பணிப்பெண்ணின் இரு கைகளே என்று சொன்னால் மிகையாகாது. பராமரிப்பின்றி வாழும் தொட்டியைப் பற்றி அப்பெண்ணிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை!

1845இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்தது. 1853இல் இலண்டன் விலங்கினச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் 'அக்குவேரியம்' என்ற நூலை வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பு இல்லங்களை மீன்தொட்டி மோகம் பிடித்து ஆட்டியது. சில ஆண்டுகளில் அம்மோகம் தணிந்தது. தொட்டிகள் நாறின, மீன்கள் மிதந்தன, கண்ணாடிப் பெட்டிகள் பன்னம் வளர்க்கவும் பழம்பொருள் போட்டு வைக்கவும் பயன்பட்டன. பூண்டும் நத்தையும் இருந்தும் மீன்கள் ஏன் மடிந்தன? அன்றைய இரசாயனத்துக்கு அதற்கு விடை தெரியாது.

விடை வந்த இடம் வியப்புக்குரியது. வாரிங்டனின் வீட்டுப் பாத்திரத்தில் பொன்மீன்கள் நீந்திய காலத்தில், அவருக்குப் பத்துப் பதினொரு வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் பெயரும் றொபேட் வாரிங்டன். தந்தையைப் போலவே இரசாயனம் பயின்ற அம்மகன், பிற்காலத்திலே றொதாம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தார். அவர் ஆராய்ந்தது மீனையன்று, வயலின் மண்ணை. எருவிலுள்ள அமோனியா எவ்வாறு பயிருக்குரிய நைத்திரேற்றாக மாறுகிறது என்பதே அவர் கேள்வி. அது வெறும் இரசாயன மாற்றமன்று, நுண்ணுயிர்களின் தொழில் என்பதைப் பிரெஞ்சு அறிஞரான ஸ்லோசிங், முன்ற்ஸ் ஆகிய இருவரும் 1877இல் காட்டியிருந்தனர். இளைய வாரிங்டன் அதனை உறுதிப்படுத்தியதோடு, அத்தொழில் இரண்டு படிகளில் நிகழ்வதையும் கண்டார். ஒருவகை உயிர் அமோனியாவை நைத்திரைற்றாக்கும். பிறிதொரு வகை அதனை நைத்திரேற்றாக்கும். அவ்வுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1890இல் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞருக்கே அது கிட்டிற்று.

தந்தையின் தொட்டியில் விடை காணாது நின்ற புதிருக்கு மகனின் வயலிலேயே திறவுகோல் கிடந்தது. பிராணியின் கழிவிலிருந்தும், உண்ணப்படாது அழுகும் இரையிலிருந்தும் அமோனியா பிறக்கிறது. தெளிந்த நீரிலும் அது கண்ணுக்குத் தெரியாது நிற்கும். சிறு அளவிலேயே நஞ்சாகும். நைத்திரைற்றும் நஞ்சே. சரளைக்கல்லிலும் வடிகட்டியிலும் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருகி நிலைகொண்ட பின்னரே நீர் உயிருக்கு உகந்ததாகும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். ஈற்றில் எஞ்சும் நைத்திரேற்றுத் தானே மறைந்துவிடுவதில்லை. நீரை மாற்றியே அதனை அகற்றவேண்டும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்திருப்பதைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாரிங்டன் கண்ட அதே பொருள்தான் அது. 1949இல் நியூயோர்க் மீனகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அற்ஸ் என்பவர், சமநிலைத் தொட்டி என்பது வெறும் கட்டுக்கதை என்றே தலைப்பிட்டு எழுதினார். ஆனால் கட்டுக்கதைகள் கட்டுரைகளினால் மடிவதில்லை.

இனி நம் குள்ளத் தவளையிடம் வருவோம். அதற்கு முன்பே புகழ்பெற்றது அதன் பெரிய உறவினமான செனோபஸ் என்னும் நகத்தவளை. 1927இல் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற லான்சலட் ஹொக்பென், மாட்டின் கபச்சுரப்பிச் சாற்றை இத்தவளைக்கு ஏற்றினால் அது முட்டையிடுவதை அவதானித்தார். பின்னர் சபிரோ, ஸ்வாரென்ஸ்ரைன் ஆகியோர் அங்கேயே இதனைக் கர்ப்பப் பரிசோதனையாக ஆக்கினர். பெண்ணின் சிறுநீரிலிருந்து எடுத்ததைத் தவளைக்கு ஏற்றினால், ஒரு நாளுக்குள் முட்டை தோன்றுமாயின் அவள் கர்ப்பிணி. முன்னைய முறைகளில் எலியையும் முயலையும் கொன்று பார்க்கவேண்டியிருந்தது. தவளையோ பிழைத்து மீண்டும் பயன்பட்டது. ஆகவே 1930கள் தொடக்கம் ஆயிரக்கணக்கான நகத்தவளைகள் கேப் பிரதேசத்திலிருந்து உலகெங்கும் ஏற்றப்பட்டன. 1960களில் புதிய சோதனை முறைகள் வந்தபின் அவற்றுக்கு அவ்வேலை போயிற்று.

குள்ளத் தவளைக்கு மருத்துவமனை வாழ்வு வாய்க்கவில்லை. அதன் அழகுக்காகவும் வினோத நடத்தைக்காகவுமே அது தொட்டிக்குள் வந்தது. 1963இல் சிகாகோவைச் சேர்ந்த ஜோர்ஜ் றாப், மேரி றாப் தம்பதியர் அதன் இல்வாழ்க்கையை விரிவாக எழுதினர். ஆண் தவளை நீருக்கடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் எழுப்பும். பெண்ணை இடுப்பிலே பற்றிக்கொள்ளும். இருவரும் மேலெழுந்து, நீர்மட்டத்தில் மல்லாந்து திரும்பிச் சில முட்டைகளை மிதக்கவிட்டு மீண்டும் அடியிறங்குவர். இவ்வாறு பன்முறை நிகழும். முட்டையிலிருந்து வரும் வாற்பேயோ பிற தவளைகளின் வாற்பேய்களைப் போலப் பாசியை வடித்து உண்பதன்று. உயிருள்ள நுண்ணிரையை ஒவ்வொன்றாக நோக்கி, மீனைப் போல வாயை நீட்டி உறிஞ்சிக்கொள்ளும் வேட்டைக்காரன் அது. இதன் நுட்பத்தை 2002இல் டெபன், ஓல்சன் என்ற ஆய்வாளர் இருவர் விரைவுப் படப்பிடிப்பின் துணைகொண்டு விளக்கினர்.

இந்தத் தவளையை வளர்ப்போர் முதலில் உணரவேண்டியது, அது மீனைப் போலத் தன் துன்பத்தைக் காட்டாது என்பதே. நீரில் ஒட்சிசன் குறைந்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். வீட்டார் கண்டு நீரை மாற்றுவர். குள்ளத் தவளை எப்போதும் மேலே வந்து மூச்சு வாங்கும் பிராணி. நீர் எவ்வளவு கெட்டாலும் அது காற்றை உண்டு நாளைக் கழிக்கும். இரை குறைந்தாலும் குளிர்இரத்தப் பிராணியாதலால் வாரக்கணக்கில் மெலிந்தபடி உயிர்வாழும். இந்தப் பொறுமையே அதற்குக் கேடாயிற்று. 'பராமரிப்பு வேண்டாத பிராணி' என்று அது பெயரெடுத்தது இதனாலேயே.

அதற்கு வேண்டியவை அதிகமல்ல. இரண்டு மூன்று தவளைகளுக்கு இருபது, முப்பது லீற்றர் நீர் கொள்ளும் தொட்டி. மேலே வந்து மூச்சு வாங்க எளிதாகும்படி முப்பது சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஆழம். மறைந்திருக்கச் சிறிது செடியும் சட்டித் துண்டும். மெதுவாக ஓடும் வடிகட்டி. மூடி கட்டாயம் வேண்டும். வெளியே பாய்ந்த தவளை உலர்ந்து மடிந்துவிடும். ஆயினும் மூடிக்கும் நீருக்குமிடையே காற்று நிற்க இடைவெளி விடவேண்டும். இருபத்துநான்கு, இருபத்தைந்து பாகை வெப்பம் உகந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெப்பமூட்ட வேண்டியதில்லை, வெய்யில் படாது காத்தாற் போதும். நுவரெலியாவில் வளர்ப்போர் வெப்பமூட்டியே ஆகவேண்டும். குழாய் நீராயின் குளோரீனை நீக்கிய பின்னரே வார்க்கவேண்டும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவது நல்லது.

இரை கொடுப்பதிலேதான் பலர் தவறுகின்றனர். இதற்குப் பார்வை மந்தம். மணத்தாலும், உடலின் ஓரத்திலுள்ள புலனுறுப்புக்களால் நீரின் அசைவை அறிந்துமே இரையைத் தேடுகிறது. துடியான மீன்களோடு விட்டால் இது திரும்புமுன் மீன்கள் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். தனியே வைத்து, ஒரு சிறு தட்டிலே, ஒரே இடத்தில், இரத்தப்புழு, நீர்த்தெள்ளு முதலியவற்றை இடுவது முறை. நுளம்புக் குடம்பியையும் விரும்பி உண்ணும். ஆனால் டெங்கு மலிந்த நம் நாட்டில் தவளைக்கென்று குடம்பி வளர்ப்பது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமாகும். அந்த யோசனை வேண்டாம்.

வாங்கும்போது கையைப் பார்த்து வாங்கவேண்டும். முன்னங்கையிற் சவ்வு இருந்தால் அது குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியே பிரிந்து, கண்கள் தலையின் உச்சியில் இருந்தால் அது நகத்தவளையின் குஞ்சு. பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து, தொட்டியிலுள்ள மீன்களை விழுங்கும்.

2000ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வணிக நிலையங்களில் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்ரிக் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர், இரண்டு குள்ளத் தவளைகள், ஒரு மூங்கிற் கிளை, பற்றீரியா ஏற்றியதாகச் சொல்லப்பட்ட சிறிது சரளைக்கல். வாரம் இருமுறை சில மணி உணவு இட்டு, நீரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினாற் போதும் என்றனர். மூத்த வாரிங்டனின் தாவரமும் இளைய வாரிங்டனின் பற்றீரியாவும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிட்டன. பன்னிரண்டு கலன் நீர் மட்டும் வரவில்லை. மூங்கிலின் இலைகள் நீருக்கு வெளியே நின்றமையால் அவை தந்த ஒட்சிசன் நீரிற் சேரவுமில்லை. காற்றை உண்ணும் தவளைக்கு அது தேவையுமில்லை. தேவைப்பட்டது நஞ்சு கரைந்து போவதற்கு வேண்டிய நீர். அதுதான் அங்கே இல்லை.

2008 முதல் 2011 வரை அதே நாட்டின் 44 மாநிலங்களில் 376 பேர் சல்மொனெல்லா நோயினால் பீடிக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். சுகாதார அதிகாரிகள் தடம் பற்றிச் சென்றபோது அது குள்ளத் தவளைகளை இனம்பெருக்கி விற்ற கலிபோர்னிய நிலையமொன்றிலே போய் முடிந்தது. குழந்தைகள் பலர் தவளையைத் தொட்டிருக்கவேயில்லை. தொட்டி நீர் அவர்களைத் தீண்டியதே போதுமாயிற்று. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இப்பிராணி ஏற்றதன்று. தொட்டியைச் சமையலறைத் தொட்டியிலே கழுவுவதும், கழுவிய பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவாது விடுவதும் ஆபத்தானவை.

மனிதருக்கு வந்த கேடு இதுவெனில், தவளைக் குலத்துக்கு வந்தது இதனினும் பெரிது. அவுஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் தவளைகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததற்குத் தோலைத் தாக்கும் ஒரு பங்கசே காரணம் என்பது 1998இல் வெளியாயிற்று. மறு ஆண்டு அதற்குப் பெயரும் இடப்பட்டது. அதன் வித்திகள் நீரிலே நீந்திச் செல்லும். கேப் பிரதேசத்தில் 1938இற் பிடிக்கப்பட்ட நகத்தவளையொன்றின் தோலில் அது காணப்பட்டமையால், கர்ப்பப் பரிசோதனைக்காக ஏற்றுமதியான தவளைகளே அதைப் பரப்பின என்று 2004இற் சிலர் கருதினர். 2018இல் நடந்த மரபணு ஆய்வு அதன் பிறப்பிடம் கிழக்காசியா என்று சுட்டியது. எங்கே பிறந்ததாயினும், உலகெங்கும் அது பரவியதற்கு உயிருள்ள ஈரூடகவாழிகளின் வணிகம் துணைபோனது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே பெரிய பிணக்கில்லை. 501 இனங்களின் வீழ்ச்சியில் இந்நோய்க்குப் பங்குண்டு என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் என்றும் 2019இல் கணக்கிட்டனர். நகத்தவளை பெரும்பாலும் நோயைச் சுமந்தும் மடியாது திரியும். குள்ளத் தவளையோ அதனால் மடியும். மடியுமுன் தொட்டி நீரையும் நோய்நீராக்கும்.

நம் தீவின் தவளை இனங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. சிங்கராசக் காட்டிலும் நக்கிள்ஸ் மலைத் தொடரிலும் வாழும் சிறு மரத்தவளைகள் பல, முட்டையை மண்ணிலோ இலையிலோ இட்டு, வாற்பேய்ப் பருவமே இன்றி நேரே தவளையாய்ப் பொரிப்பவை. சலித்துப்போன வளர்ப்புத் தவளையை ஓடையில் விடுவது கருணைச் செயலாகப் பலருக்குத் தோன்றும். கலிபோர்னியாவிலும் சிலியிலும் பிரான்சிலும் நகத்தவளை காட்டுநீரிற் குடியேறியது இவ்வாறு விடப்பட்டும் தப்பியுமே. தவளையை விடாதிருந்தாலும் தொட்டி நீர் வெளியே போகிறது. அந்நீரை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றாது, வெளிற்றுத்தூள் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டாத காய்ந்த நிலத்திலே வெய்யிலில் ஊற்றிவிடலாம். சரளைக்கல்லையும் வலையையும் நன்றாக உலர்த்தியே மறுமுறை எடுக்கவேண்டும்; உலர்ந்த இடத்தில் அப்பங்கசு பிழைப்பதில்லை.